பாப்பாவுக்கு, மருத்துவக் கல்லூரி இண்டர்வியூவுக்கு முன்னால்

பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை இண்டர்வியூ ஒத்திகை முடிந்து நீ போனை வைத்த பிறகு அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பக்கத்து வீட்டுக்காரியாக நடிக்கப் போய் இல்லாத பூனைக்கு நிஜமாகவே அழுதுவிட்டாள். போனில் சொன்னால் வாதாடுவாய், அதனால் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய கேள்வி இதுதானே: காரைப் பின்னால் எடுக்கும்போது பக்கத்து வீட்டுப் பூனை அடிபட்டுச் செத்துவிட்டது, போய்ச் சொல். மன்னிப்புக் கேட்டாய், சரி. அப்புறம் கண்ணாடியில் தெரியவில்லை, மெதுவாகத்தான் எடுத்தேன், வேறு பூனை வாங்கித் தருகிறேன் என்று மூச்சு விடாமல் நாலு நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அம்மா அழ ஆரம்பித்தது உனக்குக் கேட்டதா என்றே தெரியவில்லை.

நம் பாம்பனில் படகு திரும்பாத அன்றைக்கு வீட்டில் போய்ச் சொல்ல உன் பெரியப்பாவைத்தான் அனுப்புவார்கள். ஒரு தடவை நானும் கூடப் போனேன். வாசலில் நின்று சொல்லவில்லை. உள்ளே போய், பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அந்தப் பெண்ணை உட்காரச் சொல்லித் தானும் தரையில் உட்கார்ந்து, "தாயி, நல்ல சேதி கொண்டுவரல" என்றார். நடந்ததை ஒரே வரியில் சொன்னார். அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. எனக்கு அந்த நேரம் தாங்கவில்லை, காற்று, என்ஜின் என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன், என் தொடையில் கையை வைத்து அழுத்தினார். அந்தப் பெண்ணே "எந்தப் பக்கம்?" என்று கேட்ட பிறகுதான் மற்றதைச் சொன்னார். இண்டர்வியூ அறையில் பூனைக்குச் சொந்தக்காரராக நடிக்க உட்கார்ந்திருக்கும் ஆளுக்கும் அவ்வளவுதான் வேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்த எம்.எம்.ஐ. முறை, அதாவது மணி அடிக்க அடிக்க அறை அறையாகப் போய் ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வியைச் சந்திக்கும் இண்டர்வியூ, கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கியதாமே. ஒரு ஆளின் விருப்பு வெறுப்பில் முடிவு போகக் கூடாது என்றுதான் அறைக்கு அறை வேறு ஆளாம். அப்படியென்றால் மூன்றாவது அறையில் சொதப்பியது நாலாவது அறையில் இருப்பவருக்குத் தெரியாது. மணி அடித்ததும் அதை அங்கேயே விட்டுவிட்டு வா. ஒரு தடவை கடலில் வலை கிழிந்ததென்று அடுத்த தடவை போகாமல் இருப்பார்களா?

இனி முக்கியமான விஷயம். 34 வயதில் ஏன் டாக்டர் படிப்பு, இத்தனை வருஷம் என்ன செய்தாய் என்று எப்படியும் கேட்பார்கள். ஒத்திகையில் அந்த இடம் வந்ததும் உன் குரல் இறங்குகிறது. சின்ன வயதிலிருந்தே ஆசை, சூழ்நிலை அமையவில்லை என்று மழுப்புகிறாய். எந்தச் சூழ்நிலை? நான்தானே. 2009-ல் கட்-ஆஃப் கொஞ்சத்தில் போனது, தனியார் கல்லூரிக்குக் காசில்லை, இன்னொரு வருஷம் பார்க்கிறேன் என்று நீ கெஞ்சினாய், படகு என்ஜின் கடனை வைத்துக்கொண்டு நான் உன்னை இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு பஸ் ஏற்றினேன். (இப்போது ராமநாதபுரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 2022 ஜனவரியில் திறந்த 11-ல் ஒன்று. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.) இதைச் சொல்லவேண்டி வந்தால் அப்பாவைக் காப்பாற்றாமல் ரெண்டே வரியில் சொல்லிவிட்டு மேலே போ. அதிலேயே நின்றுவிட்டால் 18 வயதில் நடந்ததற்காக டாக்டராக வருகிறாள் என்று ஆகிவிடும். அது நிஜமும் இல்லை.

நிஜம் அந்த முதியோர் இல்லத்தில் இருக்கிறது. சனி ஞாயிறு உதவியாளாகப் போக ஆரம்பித்த புதிதில் சொன்னாயே, மறதி நோயுள்ள ஒரு பாட்டி தினமும் சாயங்காலம் பஸ் போய்விட்டதா என்று பதறுவார், நீ அவருக்குக் கோட்டை மாட்டிவிட்டு, நீயும் கோட்டை மாட்டிக்கொண்டு, ஜன்னலோரம் பத்து நிமிடம் பஸ்ஸுக்குக் காத்திருப்பாய் என்று. அதைச் சொல், பேர் சொல்லாமல். அப்புறம் எதற்கு டாக்டர், அதே வேலையில் இருக்கலாமே, நர்ஸ் ஆகலாமே என்பார்கள். அதற்கு உன்னிடம் இன்னும் பதில் இல்லை. ஒரு நாள் அவர் பஸ்ஸைக் கேட்கவே இல்லை, பேசாமல் கிடந்தார், சிறுநீர்த் தொற்று என்று டாக்டர் வந்து கண்டுபிடித்தார், அன்று ராத்திரி நீ தூங்காமல் அதைப் பற்றியே படித்தாய். பதில் அங்கே இருக்கிறதா என்று நீயே பார், நான் எழுதித் தந்தால் மனப்பாடம் செய்துவிடுவாய்.

சாஃப்ட்வேர் டெஸ்டிங்கையும் ஒளிக்காதே. பத்து வருஷமாக அடுத்தவன் செய்த தப்பை அவன் கோபப்படாமல் அவனிடமே சொல்லியிருக்கிறாய், 22 வயதுப் பிள்ளைகளுக்கு அது எங்கே கிடைக்கும்?

நாலு கல்லூரிக்குப் போட்டு ரெண்டு கூப்பிட்டிருக்கிறது. கட்டணத்தைப் பற்றி இப்போது பேசவேண்டாம். இங்கே வாடைக் காற்று பலமாக இருக்கிறது, படகுகள் போகவில்லை, எனக்கும் பட்டறையில் வேலை குறைவு. வியாழக்கிழமை உங்கள் சாயங்காலம் நாலு மணிக்குக் கூப்பிடு, இங்கே ஒன்பதரை. பூனையிலிருந்தே ஆரம்பிக்கலாம், அம்மா தயாராக இருக்கிறாள்.

அப்பா