மருந்தை மலையேற்றி அனுப்புங்கள்

மதிப்பிற்குரிய சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். எலும்பு முறிந்தவர்களுக்கான ஒரு மருந்து எங்கள் மலையிலேயே கிடைக்க வேண்டும் என்று கேட்டு, கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். விழுந்து எலும்பு முறிந்து வரும் வயதான பெண்கள் இங்கே எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும்.

என் அம்மாவுக்கு 71 வயது. மூன்று வருஷம் முன்பு வாசலில் வழுக்கி மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு போட்டு, கால்சியம் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். நின்ற இடத்தில் விழுந்ததற்கே எலும்பு உடைகிறதே, எலும்பு பலமிழந்து எளிதில் உடையும் எலும்புப்புரையாக இருக்குமோ என்று யாரும் யோசிக்கவில்லை. இந்தப் பிப்ரவரியில் அதே வாசல், இந்த முறை இடுப்பு.

ஆபரேஷன் செய்த கோவை டாக்டர், எலும்பைப் பலப்படுத்தும் சோலெட்ரானிக் ஆசிட் மருந்தை எழுதினார். வருஷத்துக்கு ஒரே தடவை, கால் மணி நேர டிரிப். இடுப்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர்களுக்கு 90 நாளுக்குள் இதைப் போட்டுப் பார்த்து 2007-ல் வெளிவந்த ஆய்வில் புதிய முறிவுகள் 35 சதவீதம் குறைந்தன, இறப்பும் 28 சதவீதம் குறைந்தது. அதற்கு முன் பார்க்க வேண்டிய கால்சியம், சிறுநீரகப் பரிசோதனைகளை இங்கே எங்கள் மருத்துவமனையிலேயே செய்துவிட்டார்கள். மருந்துதான் இல்லை. "கீழே போய்ப் போட்டுக்கோங்க" என்றார்கள்.

எங்கள் வீட்டிலிருந்து ரோட்டுக்கு 64 படி. அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கினோம். நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். தேயிலை மூட்டையோடு 40 வருஷம் ஏறி இறங்கிய அதே படிகள். ஜீப்பில் மேட்டுப்பாளையம் போகும்வரை ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் "மெதுவா, மெதுவா" என்றார். காலை 5 மணிக்குக் கிளம்பியவர்கள் ராத்திரி 9 மணிக்குத் திரும்பினோம். அப்புறம் அந்த 64 படி, இருட்டில்.

கால் மணி நேர மருந்துக்கு!

அந்த மருந்தை மலைமேல் வையுங்கள். 50 வயது தாண்டிய பெண் சாதாரணமாக விழுந்து முறிவோடு வந்தால் கட்டோடு நிறுத்தாமல் எலும்புக்கும் மருந்து தொடங்குங்கள். டிரிப் போட முடியாவிட்டால் வாரம் ஒரு அலென்ட்ரோனேட் மாத்திரை இருக்கிறது. வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருந்தால் சரி. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிரஷர், சுகர் மாத்திரை கொண்டுவரும் அக்காவின் பையில் இதற்கு இடமில்லையா?

மே மாதக் காய்கறிக் கண்காட்சிக்கு மட்டும் வண்டி வண்டியாக எல்லாம் மேலே வந்துவிடுகிறது. அங்கே கேரட்டில் செய்து வைக்கும் யானைக்கு இடுப்பு முறிவதில்லை, கொடுத்துவைத்தது. மன்னிக்கவும், பேச்சு எங்கோ போகிறது.

அம்மாவின் அடுத்த டிரிப் வரும் ஏப்ரலில். அதற்குள் மருந்தை எங்கள் மருத்துவமனைக்கு வரவழைத்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நாற்காலி தூக்கியவர்களில் ஒருத்தி