தயவுசெய்து கடைசி நிமிடம் வரை பாருங்கள்

குறும்பட விழாத் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம்.

எங்கள் படத்தை நிராகரித்து நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல் கிடைத்தது. தேர்வு உங்கள் உரிமை. அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் கூடவே ஒரு குறிப்பும் எழுதியிருந்தீர்கள்: ‘முடிவில் அழுத்தம் போதவில்லை.’ படம் 17 நிமிடம். உங்களுக்கென்று தனியாகக் கொடுத்த இணைப்பு ஒரே ஒரு முறை திறக்கப்பட்டு, 4ஆவது நிமிடத்தில் மூடப்பட்டிருக்கிறது. அந்தத் தளமே இதைப் பதிவு செய்து காட்டுகிறது. பார்க்காத முடிவுக்கு எப்படிக் குறை எழுதினீர்கள்?

நான் அந்தப் படத்தின் படத்தொகுப்பாளர். முதல் ஷாட்டில் மறதிநோய் கண்ட ஒரு மூதாட்டி ஒரு சின்னச் சட்டையை மடிக்கிறார், உதறுகிறார், மறுபடி மடிக்கிறார். காலரை மட்டும் ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் நீவிவிடுகிறார். வசனமில்லை, இசையில்லை. 14ஆவது நிமிடத்தில் ஒரு ஃபிரேம்கூட மாறாமல் அதே ஷாட் திரும்ப வருகிறது. அதற்குள் அந்தச் சட்டை யாருடையது, அந்தப் பிள்ளை ஏன் திரும்பி வரவில்லை என்பது பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். முதலில் பொறுமையைச் சோதித்த அதே விரல், இப்போது பார்க்க முடியாததாகிவிடும். அதற்காகத்தான் முதல் ஷாட்டை அவ்வளவு நீளமாக விட்டேன். குறைக்கலாமா என்று இயக்குநரே தயங்கியபோதும் நான் சம்மதிக்கவில்லை.

நினைவைப் பற்றிய படங்கள் பலவும் இப்படித்தான் இயங்குகின்றன. பின்னால் வருவது, முன்னால் பார்த்ததைத் திருத்தி எழுதும். அவற்றைப் பாதியில் நிறுத்தியவர் பாதிப் படத்தைக்கூடப் பார்த்தவராக மாட்டார்.

பிரெஞ்சு இயக்குநர் கிறிஸ் மார்க்கரின் ‘லா ஜெத்தே’ உங்களுக்குத் தெரியாத படமல்ல. 1962இல் வந்த அந்த 28 நிமிடப் படம் ஏறக்குறைய முழுவதும் அசையாப் புகைப்படங்களால் ஆனது. படுத்திருக்கும் பெண் கண் திறந்து இமைக்கும் சில நொடிகள் மட்டுமே அதில் அசைகின்றன. அவை வருவதும் படம் பாதியைத் தாண்டிய பிறகுதான். 4ஆவது நிமிடத்தில் மூடுகிறவர் கையில் அந்தப் படம் இன்று கிடைத்தால் அதன் கதி என்ன?

படங்கள் வந்து குவிகின்றன, பார்ப்பவர்கள் சிலர், அதிலும் பலருக்கு ஊதியமில்லை என்பதெல்லாம் தெரியும். அப்படியென்றால் குறைவான படங்களை ஏற்றுக்கொள்ளுங்கள். விண்ணப்பக் கட்டணத்தை எல்லோரிடமும் வாங்கிக்கொண்டு, பார்வையைச் சிலருக்கு மட்டும் தருவது நியாயமில்லை. நடித்தவர்களுக்கே சம்பளம் தர முடியாமல் கைக்காசில் படம் எடுக்கிறவர்களின் பணம் அது.

உங்கள் விண்ணப்பத்தில் ‘படம் சொல்லும் கருத்து’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. விழிப்புணர்வுப் படத்துக்கு அதை நிரப்புவது எளிது. தாய்மொழியை மறந்துபோன மகள், பிறந்த வீட்டின் வாசலை மட்டும் நினைவில் வைத்திருக்கும் அகதி, பழைய பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட மாட்டார்களா என்று ஏங்குகிறவர், இவர்களை ஒரு வரியில் எப்படி அடைப்பது? இந்த ஒரு கட்டத்துக்குப் பயந்தே, கடைசிக் காட்சியில் அறிவுரை வாசகம் சேர்த்துப் படத்தைக் கெடுத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பழியில் விழாக்களுக்கும் பங்குண்டு.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான். நிராகரிக்கும் முன் படத்தைக் கடைசி நிமிடம் வரை பாருங்கள். முடியவில்லை என்றால் ‘முழுமையாகப் பார்க்க இயலவில்லை’ என்று எழுதிக் கட்டணத்தைத் திருப்பித் தாருங்கள். அந்த உண்மையை மரியாதையாகவே எடுத்துக்கொள்வோம்.

எங்கள் படத்தை மறுபடி பரிசீலிக்கச் சொல்லவில்லை. இந்த ஆண்டுப் பட்டியலில் இன்னும் முடிவாகாத படங்கள் இருந்தால், அவற்றையாவது தயவுசெய்து கடைசி நிமிடம் வரை பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு படத்தொகுப்பாளர்