எந்த உளைச்சல்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழ் மருத்துவக் கேள்வி பதிலில், உடம்பெல்லாம் வலிக்கிறது என்று எழுதியிருந்த ஒரு வாசகிக்கு, எல்லாப் பரிசோதனையும் நார்மல் என்பதால் இது வெறும் பிரமை, மனதை வேறு எதிலாவது திருப்புங்கள் என்று பதில் சொல்லியிருந்தீர்கள். என் கதையையே படித்த மாதிரி இருந்தது.

எனக்கும் ஆறு வருடமாக இதே வலிதான். ஈரத்துணியைப் பிழிய முடியாது. பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவரின் பை தோளில் உரசினாலே கண்ணில் தண்ணீர் வந்துவிடும். எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை என்று ஒரு கட்டைப்பை நிறைய வைத்திருக்கிறேன். ஒன்றிலும் குறை இல்லை. "கை கால் உளைச்சல் தாங்கலை டாக்டர்" என்றேன். ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "மன உளைச்சல்தாம்மா" என்றார். எங்கள் பாட்டி உளைச்சல் என்றால் கால் பிடித்துவிட ஆள் தேடுவாள். இப்போது அந்தச் சொல்லையும் மனசுக்கே எழுதிக் கொடுத்துவிட்டோம்.

பிறகு வேறொரு மருத்துவர்தான் ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர் சொன்னார். அவர் சொன்ன ஆய்வு ஒன்று உங்கள் பதிலுக்கு நேர் எதிரானது. அமெரிக்காவில் ரிச்சர்ட் கிரேஸ்லி, டேனியல் கிளாவ் குழுவினர் 2002இல் வெளியிட்டது. இந்த வலி உள்ளவர்கள் 16 பேர், இல்லாதவர்கள் 16 பேர். எஃப்.எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்துக் கட்டைவிரல் நகத்தை அழுத்தியிருக்கிறார்கள். மூளையில் எந்தப் பகுதிக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது என்று அந்தக் கருவி காட்டும். லேசாக அழுத்தியதுமே நோயாளிகளின் மூளையில் வலிக்கான பகுதிகள் பலவும் வேலை செய்யத் தொடங்கிவிட்டன. அதே அழுத்தத்தில் மற்றவர்களுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. அதே அளவு வலியும் மூளையில் அதே மாதிரி மாற்றமும் வர, அவர்களை ஏறக்குறைய இரண்டு மடங்கு அழுத்த வேண்டியிருந்தது. கடித்தது எறும்புதான், மூளைக்குப் போய்ச் சேரும்போது தேள்கொட்டு.

2017இல் சர்வதேச வலி ஆய்வுச் சங்கம், உடம்பில் காயமோ நரம்புச் சேதமோ தெரியாமலே, வலியை உணரும் முறை மாறியதால் வரும் இந்த வகை வலிக்கு 'நோசிபிளாஸ்டிக்' என்று தனிப்பெயரே வைத்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும், நாள்பட்ட வலி தானே ஒரு நோயாக இடம்பெற்றிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் மூளை ஸ்கேனுக்கு ஓட வேண்டாம். அந்த ஆய்வு பலரைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. தனி ஒருவருக்கு அதை வைத்து நோய் சொல்ல முடியாது, காசுதான் வீண். கவலையும் தூக்கமின்மையும் வலியைக் கூட்டும் என்பதையும் நான் மறுக்கவில்லை. நான் சாப்பிடும் மாத்திரையே மனச்சோர்வுக்கும் கொடுப்பதுதான். சரி, அதனால் வலி பொய்யாகிவிடுமா?

அந்த வாசகி வீட்டில் உங்கள் பதிலை யாராவது சத்தமாகப் படித்துக் காட்டியிருப்பார்கள். என் வீட்டில் ரிப்போர்ட்டை அப்படித்தான் படித்தார்கள். அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈரோடு.