பழியைப் பேய் மேல் போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மர்மத் தொடர்கள் பற்றி ஞாயிறு இணைப்பில் வரும் வரிசையில் கடந்த வாரம் ‘ட்வின் பீக்ஸ்’ கட்டுரையைப் படித்தேன். டேவிட் லிஞ்ச்சும் மார்க் ஃப்ராஸ்டும் உருவாக்கி, 1990 ஏப்ரலில் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய தொடர். சிவப்புத் திரை போட்ட அறை, காபியை ரசித்துக் குடிக்கும் எஃப்பிஐ அதிகாரி கூப்பர் என்று எல்லாமே கட்டுரையில் இருந்தன. கொலையான லாரா பாமருக்கு மட்டும் இரண்டே வரி. அதிலும், அவள் இரட்டை வாழ்க்கை வாழ்ந்தவள், அப்பாவின் உடம்பில் புகுந்த பாப் என்ற தீய ஆவி அவளைக் கொன்றது என்று முடித்துவிட்டீர்கள். எனக்கு மனசு ஆறவில்லை.

நான் பெண்கள் பள்ளியில் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள். முதல் பகுதியில் வரும் வகுப்பறைக் காட்சி எனக்கு மறக்காது. போலீஸ்காரர் வந்து ஆசிரியையிடம் ஏதோ மெதுவாகச் சொல்கிறார். வெளியே ஒரு மாணவி அலறிக்கொண்டு ஓடுகிறாள். லாராவின் தோழி டோனா, காலியாக இருக்கும் நாற்காலியைத் திரும்பிப் பார்க்கிறாள். யாரும் எதையும் அறிவிக்கவில்லை. அதற்குள் அவளுக்குப் புரிந்துவிடுகிறது, அழுகிறாள். ஒரு பெண் வகுப்புக்கு வராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று உடனே ஊகிக்க முடிகிறது என்றால், அவள் வந்துகொண்டிருந்த நாட்களிலும் ஏதோ சரியில்லை என்று தெரிந்துதானே இருந்திருக்கும்? சவ அடக்கத்தின்போது அவளுடைய காதலன் பாபி, நாம் எல்லோரும் சேர்ந்துதான் அவளைக் கொன்றோம் என்று ஊரைப் பார்த்துக் கத்துகிறான். நியாயமான கோபம்.

லாராவுக்கு வயது 17. ஊரே கொண்டாடிய அழகி. முடியாதவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தவள், ஜானி என்ற மனவளர்ச்சி குன்றிய இளைஞனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவள். அவளே போதைப்பொருளிலும் விழுந்தாள். வீட்டுக்குள் சிறுவயதிலிருந்தே நடந்த கொடுமையை வெளியே சொல்ல முடியாத பிள்ளை வேறு எங்கே போய் விழும்? அதை இரட்டை வாழ்க்கை என்று எழுதினால், ஏதோ அவளாக விரும்பித் தேர்ந்தெடுத்தது போல ஆகிவிடுகிறது.

இப்போது அந்தப் பேய் விஷயத்துக்கு வருகிறேன். கொலைகாரன் யார் என்பதைச் சொல்லாமலே தொடரைக் கொண்டுபோகத்தான் லிஞ்ச் விரும்பினார். சேனல் வற்புறுத்தியதால் 1990 நவம்பரில் ரகசியத்தை உடைத்தார்கள்: கொன்றவன் அப்பா லீலண்ட். அப்புறம் அவன் காவலில் இறக்கும்போது, கூப்பர் அவன் தலையைத் தாங்கிப் பிடித்து ஆறுதல் சொல்கிறார். பாப் என்றெல்லாம் ஒன்று இருக்க முடியுமா என்று ஊர்க் காவல்துறைத் தலைவரான ஷெரிஃப் தயங்க, பெற்ற தகப்பனே மகளைச் சீரழித்துக் கொன்றான் என்று நம்புவது மட்டும் சுலபமா என்று கூப்பர் கேட்கிறார். சுலபமில்லைதான். அதற்காக நம்பாமல் இருந்துவிட முடியுமா? அதே இடத்தில், பாப் என்பதே மனிதர்கள் செய்யும் தீமைதானோ என்று எஃப்பிஐயின் தடயவியல் நிபுணர் ஆல்பர்ட் சொல்கிறார். அந்தத் தொடரிலேயே எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் பேச்சு அது. உங்கள் கட்டுரையாளர் அதைத் தொடவே இல்லை.

லாராவின் கடைசி ஏழு நாட்களைக் காட்டும் திரைப்படம் 1992-ல் வந்தது. அதில் ஒரு சாப்பாட்டு மேசைக் காட்சி. சாப்பிடும் முன் கை கழுவவில்லையே என்று லீலண்ட் ஆரம்பிக்கிறான். மகளின் கையைப் பிடித்து, ஒரு விரலின் நகத்துக்கடியில் இருக்கும் அழுக்கைக் காட்டுகிறான். கழுத்தில் தொங்கும் பாதி இதயச் சங்கிலியைத் தொட்டு, எந்தக் காதலன் கொடுத்தான் என்று கேட்கிறான். அவளுக்கு அது பிடிக்கவில்லை, விடுங்கள் என்று அம்மா சாரா சொல்கிறாள். அவளுக்கு என்ன பிடிக்கும் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று திருப்பிக் கேட்கிறான். அந்த நேரத்தில் மேசையில் எந்த ஆவியும் இல்லை. ஒரு அப்பா, ஒரு அம்மா, கை நடுங்கும் ஒரு பெண், அவ்வளவுதான். தொடரில் கூப்பர் லாராவின் பிணத்தின் நகத்துக்கடியிலிருந்து, எழுத்து அச்சிட்ட சிறு காகிதத் துண்டை இடுக்கியால் எடுப்பது துப்பு. இங்கே அதே விரல் நகத்தை அப்பா அதட்டிப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைப் புரட்டியது.

லாராவாக நடித்த ஷெரில் லீயின் பெயரையும் நீங்கள் போடவில்லை. பிளாஸ்டிக் தாளில் சுற்றிய பிணமாகக் கிடப்பதற்காக மட்டும் சியாட்டில் நகரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர். லாராவும் டோனாவும் சுற்றுலா போனபோது எடுத்ததாகத் தொடரில் வரும் வீடியோவில் அவர் சிரித்து ஆடுவதைப் பார்த்த லிஞ்ச், ஒத்த முகம் கொண்ட உறவுக்காரப் பெண் மேடியாக அவரைத் திரும்ப அழைத்துவந்தார். பிறகு முழுப் படத்தையும் அவர் தோளில் வைத்தார்.

இந்த வரிசையில் அந்தப் படத்தைப் பற்றியும் ஒரு வாரம் எழுதுங்கள். லாரா பக்கம் நின்று எழுதுங்கள். கொன்றவன் அவள் அப்பா என்பதையும் அப்படியே, பெயர் சொல்லி அச்சிடுங்கள். உங்கள் இணைப்பைப் பள்ளிப் பெண்களும் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்