மரம் மாதிரி பிரிண்ட் பண்ண டைல் வேண்டாம், ப்ளீஸ்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல வீட்டு அலங்காரம் பக்கத்துல, ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ், அதாவது கைவேலைக்கு மதிப்பு குடுத்த பழைய இங்கிலாந்து ஸ்டைல்ல பாத்ரூம் பண்றது எப்படின்னு ஒரு கட்டுரை வந்துச்சு. இத பத்தி தமிழ்ல யாரும் எழுதி நான் பாத்ததே இல்ல, அதனால அவ்ளோ ஆசையா உக்காந்து படிச்சேன், ஆனா பாதி படிக்கும்போதே மனசு கஷ்டமாயிடுச்சு. மரம் மாதிரி பிரிண்ட் பண்ண டைல ஒட்டுங்க, செம்பு கலர் பூசின பிளாஸ்டிக் பேசின் வாங்கிக்கோங்க, கேபினெட் கதவுல மர ஆப்பு மாதிரி இருக்குற பட்டன ஒட்டிட்டா பழைய லுக் வந்துடும்னு போட்டிருந்தீங்க. நான் 22 வருஷமா மரவேலை பண்றவன், அதுல பாதி வேலை பாத்ரூமுக்குள்ளதான், அதனால இத எழுதாம இருக்க முடியல.

இந்த ஸ்டைல் பொறந்ததே நீங்க சொன்ன மாதிரி வேலைய எதிர்த்துதான் சார். ஒரு பொருள் மேல பெயிண்ட் அடிச்சு அத வேற பொருளா காட்டுறது பொய்னு இங்கிலாந்துல கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் 1849லயே எழுதிட்டார், மரத்துக்கு மேல மார்பிள் மாதிரி வரையறத அப்ப அவர் திட்டினார், இன்னிக்கு நாம டைலுக்கு மேல மரம் மாதிரி பிரிண்ட் பண்றோம், அவ்ளோதான் வித்தியாசம். அவர படிச்சு வளந்த டிசைனர் வில்லியம் மோரிஸ், 1860ல ரெட் ஹவுஸ்னு ஒரு செங்கல் வீட்டுக்கு குடி போனார், அவர் ஃப்ரெண்ட் ஃபிலிப் வெப் டிசைன் பண்ண வீடு. உள்ள வைக்க மனசுக்கு புடிச்ச சாமான் எதுவும் வெளிய கிடைக்கலன்னு ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சேந்து அவங்களே டிசைன் பண்ணி செஞ்சாங்க, அதுலேருந்துதான் 1861ல ஒரு கம்பெனியே ஆரம்பிச்சாங்க. அப்புறம் அமெரிக்காவுல மர சாமான் செஞ்ச குஸ்டாவ் ஸ்டிக்லி 1901லேருந்து 1916 வரைக்கும் ஒரு பத்திரிகையே நடத்தி இத சாதாரண வீடுகளுக்கு கொண்டுபோனார். எல்லாரும் திரும்ப திரும்ப சொன்னது ஒண்ணுதான், எந்த பொருளோ அது அதுவாவே தெரியணும், எப்படி செஞ்சாங்கன்னு பாக்கறவங்களுக்கு புரியணும்.

கட்டுரையில இன்னொரு தப்பு, பாத்ரூம் முழுக்க டார்க் பிரவுன் மரமா இருக்கணும்னு எழுதினது. ஹால், டைனிங் ரூம் எல்லாம் அப்படி இருந்துச்சு, சரிதான், ஆனா 1900, 1910 சமயத்துல பாத்ரூம்கள் பெரும்பாலும் வெள்ளையா இருந்துச்சு. கிருமிதான் நோய்க்கு காரணம்னு ஜனங்களுக்கு அப்பதான் நல்லா பதிஞ்சிருந்த நேரம், அழுக்கு இருந்தா உடனே கண்ணுல படணும்னு பாத்தாங்க. 3 இன்ச்சுக்கு 6 இன்ச் வெள்ளை பளபள டைல் சுவத்துல ஆள் நெஞ்சு உயரம் வரைக்கும், தரையில சின்ன சின்ன அறுகோண டைல், எனாமல் பூசின வார்ப்பிரும்பு தொட்டி. அதுக்கு முந்தின தலைமுறையில தொட்டி, பேசின் எல்லாத்தையும் சுத்தி மரப்பெட்டி அடிச்சு பைப்ப மறைச்சு வச்சிருந்தாங்க, அதுக்குள்ள ஈரமும் அழுக்கும் சேருதுன்னு தெரிஞ்சதும் பெட்டிய கழட்டி போட்டுட்டு பைப், அடியில தண்ணி தேங்கி நிக்கிற வளைவான டிராப் எல்லாத்தையும் வெளிய தெரியற மாதிரியே விட்டாங்க. எனக்கு இந்த விஷயம் ரொம்ப புடிக்கும். மரவேலையில ஜாயிண்ட்ட மறைக்காதன்னு ஒரு பக்கம் சொல்றாங்க, பாத்ரூம்ல பைப்ப மறைக்காதன்னு டாக்டருங்க இன்னொரு பக்கம் சொல்றாங்க, ரெண்டும் எங்கெங்கயோ கிளம்பி ஒரே இடத்துல வந்து நிக்குது பாருங்க.

அப்போ மரமே வேண்டாமான்னா வேணும், ஆனா கொஞ்சமா, சரியான இடத்துல. கண்ணாடி ஃபிரேம், பேசினுக்கு கீழ ஒரு கேபினெட், டைல் முடியற இடத்துல ஓடுற ஒரு பட்டி, துண்டு தொங்கவிட ஒரு கட்டை, இது போதும். ஸ்டிக்லி ஓக் மரத்த குவார்ட்டர் ஸான் முறையில அறுத்துதான் யூஸ் பண்ணார், அதாவது தடிய நாலா பொளந்து, நடுவுலேருந்து வெளிப்பக்கமா போற வாக்குல பலகை எடுக்கறது. அப்படி எடுத்தா வெள்ளி கீத்து மாதிரி பட்டை பட்டையா ரேகை தெரியும், அழகு மட்டும் இல்ல, பாத்ரூமுக்கு அதோட உண்மையான லாபம் என்னன்னா சாதாரணமா அறுத்த பலகை ஈரத்துக்கு எவ்ளோ அகலமாகி சுருங்குமோ அதுல ஏறக்குறைய பாதிதான் இது ஆடும். அந்த டார்க் கலரும் பெயிண்ட் இல்ல. காத்து போகாத ரூம்ல மரத்தோட அமோனியாவ வச்சு மூடிடுவாங்க, ஓக்ல இயற்கையாவே இருக்குற டானின்ங்கற துவர்ப்பு சத்து அந்த ஆவியோட சேந்து மரமே உள்ளுக்குள்ள கறுத்துப்போகும். கலர் கூட மேல பூசினது இல்ல, மரத்துக்குள்ளேருந்து வந்தது.

போன வருஷம் ஒரு வீட்டுக்கு கூப்பிட்டாங்க, கேபினெட் வாங்கி 14 மாசம்தான் ஆச்சு, கீழ் பக்கம் முழுக்க ஊறின அட்டை மாதிரி உப்பி கதவு மூடவே வரல. எம்டிஎஃப், அதாவது மர நார அழுத்தி செஞ்ச பலகை மேல ஓக் மாதிரி பிரிண்ட் பண்ண பேப்பர், மூலைக்கு மூலை ஒட்டின போலி ஆப்பு. நான் துடைக்கறதுக்கு கை வச்சேன், ஒரு ஆப்பு அப்படியே கழண்டு கையோட வந்துடுச்சு. அந்த வீட்டு அம்மா அத வாங்கி கொஞ்ச நேரம் பாத்துட்டே இருந்தாங்க, இது எதையும் புடிச்சிட்டு இல்லையாப்பான்னு கேட்டாங்க. நிஜமான ஜாயிண்ட்ல கழுந்து, அதாவது ஒரு கட்டையோட செதுக்கின முனை, இன்னொரு கட்டைய அந்தப்பக்கம் வரைக்கும் துளைச்சிட்டு வெளிய வந்து நிக்கும், குறுக்க ஆப்பு அடிச்சிருக்கும், அந்த ஆப்புதான் ரெண்டு கட்டையையும் இழுத்து புடிக்குது, அழகுக்கு வச்சது இல்ல. அவங்களுக்கு அப்புறம் நானே ஒண்ணு செஞ்சு குடுத்தேன், தரையிலேருந்து 6 இன்ச் தூக்கி கால் வச்சு, பலகையோட வெட்டு முனைக்கெல்லாம் ரெண்டு மடங்கு எண்ணெய் குடுத்து, ஏன்னா தண்ணி உள்ள போறது முக்கியமா அந்த முனை வழியாதான்.

டைலுக்கு வர்றேன். இங்கிலாந்துல வில்லியம் டி மோர்கன் 1872லேருந்து 1907 வரைக்கும் செஞ்ச டைல்கள்ல மயில் நீலம், பச்சை, பூ, மீன், கப்பல்னு கண்ண எடுக்க முடியாது. அமெரிக்காவுல பாஸ்டன்ல க்ரூபி கம்பெனி பளபளப்பே இல்லாத ஒரு பச்சை கிளேஸ், அதாவது டைல் மேல சுட்டு ஏத்துற கண்ணாடிப் பூச்சு, கொண்டு வந்தாங்க, ஈரப்பாசி மாதிரி இருக்கும். கலிஃபோர்னியாவுல பசடீனா ஊர்ல எர்னெஸ்ட் பேட்செல்டர் மண் கலர்ல அச்சு டைல் போட்டார், எந்த ரெண்டு டைலும் ஒரே மாதிரி இருக்காது. இதெல்லாம் ரூம் முழுக்க ஒட்ட யாராலயும் முடியாது, ஒட்டவும் வேண்டாம். சுவர் முழுக்க சாதா வெள்ளை டைல் போட்டுட்டு, பேசினுக்கு மேல கண்ணுக்கு நேரா ஒரே ஒரு வரிசை கையால செஞ்ச டைல் வச்சு பாருங்க, காலையில வெளிச்சம் படும்போது அந்த மேடு பள்ளத்துல அது ஒவ்வொண்ணும் வேற வேற மாதிரி மின்னும், தினமும் பல் தேய்க்கும்போது பாக்கலாம். தரைக்கு கிளேஸ் இல்லாத டைல்தான், வழுக்காது. ஒரு அடிக்கு கால் இன்ச் சரிவு, டைலுக்கு அடியில வாட்டர்ப்ரூஃபிங், குளிச்சதுக்கு அப்புறமும் கொஞ்ச நேரம் ஓடுற எக்ஸாஸ்ட் ஃபேன், இதெல்லாம் எந்த ஸ்டைலா இருந்தாலும் உண்டு.

குழாய்க்கு நிக்கலோ பித்தளையோ போடுங்க, குரோம் வீடுகளுக்கு வந்ததே 1920கள் கடைசியிலதான், அதோட நீல பளபளப்பு இந்த மரத்துக்கும் டைலுக்கும் பக்கத்துல ஒட்டாது. லாக்கர், அதாவது மேல பாதுகாப்பு பூச்சு, அடிக்காத பித்தளை கறுக்கும், விடுங்க, கை படுற இடம் மட்டும் மஞ்சளா இருக்கும், அது அந்த வீட்டுல யாரோ வாழறாங்கன்னு காட்டுது.

காசு இருந்தாதானே இதெல்லாம்னு கேப்பாங்க, அந்த கேள்வி நியாயமானது, மோரிஸுக்கே அது தீராத வருத்தம், எல்லாருக்கும் நல்ல பொருள் வேணும்னு பேசினவர் செஞ்சத பணக்காரங்கதான் வாங்க முடிஞ்சுது. அதனாலதான் சொல்றேன், பத்து போலிக்கு போற காச ஒரே ஒரு நிஜப்பொருளுக்கு போடுங்க, மீதி எல்லாம் வெறும் வெள்ளை சுவரா இருக்கட்டும், வெள்ளை சுவர் யாரையும் ஏமாத்தல.

உங்ககிட்ட ஒரே ஒரு கோரிக்கை. ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ்ங்கற பேரே 1887ல ஆரம்பிச்ச ஒரு எக்ஸிபிஷன் சொசைட்டிலேருந்துதான் பரவுச்சு, மறு வருஷம் லண்டன்ல அவங்க முதல் கண்காட்சி வச்சப்ப கேட்லாக்ல டிசைன் பண்ணவங்க பேரோட நிறுத்தாம, கையால செஞ்சவங்க பேரையும் போட்டாங்க. உங்க கட்டுரையில ஆறு படம் இருந்துச்சு, ஆறுக்கு கீழயும் விக்கிற கம்பெனி பேர் மட்டும்தான். அடுத்த தடவை ஒரு டைல் செய்றவரையோ ஆசாரியையோ அவங்க பட்டறையில போய் பாத்து எழுதுங்க, படத்துக்கு கீழ அவங்க பேர போடுங்க.

இப்படிக்கு,
மரவேலை செய்யும் ஒரு வாசகர்