அரைக் கிலோ தேயிலைத்தூள் பாக்கெட்டுகளில் சராசரி எடைக் குறைவு: புகார் கடிதம்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: எடைக் குறைவு குறித்த எனது முதல் புகாருக்குத் தாங்கள் அளித்த பதிலை மறுத்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

என் மகன் நடத்தும் தேநீர்க் கடைக்குச் சென்ற மாதம் வாங்கிய பெட்டியில் எடை குறைகிறது என்று நான் எழுதியதற்கு, ஒவ்வொரு பாக்கெட்டும் அனுமதிக்கப்பட்ட 15 கிராம் பிழைக்குள் இருப்பதால் குறை ஏதுமில்லை என்று தாங்கள் அனுப்பிய பதில் கிடைத்தது. புள்ளியியல் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு அந்தப் பதில் ஏற்புடையதாக இல்லை.

பெட்டியிலிருந்த 24 பாக்கெட்டுகளில் கடைக்குச் செலவானவை போக எஞ்சிய 16-ஐயும், ஒன்றைக்கூட ஒதுக்காமல் எடைபோட்டேன். முத்திரையிட்ட படிக்கல்லால் தராசைச் சரிபார்த்து, உறையின் மடிப்புகளில் ஒட்டியிருந்த தூளையும் தூரிகையால் தட்டி எடுத்து, தூளை மட்டுமே நிறுத்துப் பார்த்தேன். (கொட்டிய தூள் கடை டின்னுக்குப் போயிற்று, வீணாகவில்லை.) மிகக் குறைந்தது 486 கிராம், மிக அதிகம் 506 கிராம்; சராசரி 495.5 கிராம், திட்ட விலக்கம் (எடைகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியுள்ளன என்பதன் அளவு) 6 கிராம். தாங்கள் சொல்வதுபோல எந்தப் பாக்கெட்டும் 15 கிராமுக்கு மேல் குறையவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள், 2011 தரும் அந்தச் சலுகை தனித்தனிப் பாக்கெட்டுக்கு உரியது. சராசரி எடை அச்சிட்ட எடைக்குக் கீழே இறங்க அந்த விதிகள் இடம் தரவில்லை.

பதினாறை வைத்து ஆயிரக்கணக்கான பாக்கெட்டுகளைப் பற்றி எப்படிச் சொல்ல முடியும் என்றும் கேட்டிருந்தீர்கள். டப்ளின் நகரின் கின்னஸ் மதுவடிப்பாலையில் பணியாற்றிய கோசெட், 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் 1908-இல் வெளியிட்ட டி-சோதனை இப்படிப்பட்ட சிறு மாதிரிகளுக்காகவே பிறந்தது. தங்கள் இயந்திரம் நிரப்பும் சராசரி 500 கிராம்தான் என்பதை இன்மை எடுகோளாகவும் (சோதிப்பதற்காக முதலில் உண்மையென ஏற்கும் கூற்று), அதற்குக் குறைவு என்பதை மாற்று எடுகோளாகவும் கொண்டேன். அதாவது, சந்தேகத்தின் பலனைத் தங்களுக்கே தந்து தொடங்கினேன். திட்ட விலக்கத்தை 16-இன் வர்க்கமூலமான 4-ஆல் வகுத்தால் திட்டப் பிழை, அதாவது சராசரியில் தற்செயலாக எதிர்பார்க்கத்தக்க விலகல், 1.5 கிராம். 4.5 கிராம் குறைவு அதைப்போல் மூன்று மடங்கு, ஆகவே டி-மதிப்பு எதிர்மறை 3. குறைவை மட்டுமே பார்க்கும் ஒருமுனைச் சோதனையில், 5 சதவீத மிகைகாண் நிலைக்கு (உண்மையான எடுகோளைத் தவறாக நிராகரிக்க நாம் அனுமதிக்கும் வாய்ப்பு) டி-அட்டவணை கேட்பது 1.753, 1 சதவீதத்துக்கும் 2.602 மட்டுமே. உண்மைச் சராசரி 500 ஆக இருந்தால், இவ்வளவு குறைவு தற்செயலாக நேர்வது இருநூறில் ஒருமுறைக்கும் அரிது. ஆகவே இன்மை எடுகோளை நிராகரிக்கிறேன்.

பதினாறும் ஒரே பெட்டியிலிருந்து வந்தவை. எனவே இந்த முடிவை அந்த உற்பத்தித் தொகுதிக்கு அப்பால் நான் நீட்டவில்லை. தங்கள் அலுவலகத்தில் ஒரேயொரு பாக்கெட்டை நிறுத்து 503 கிராம் கண்டதாகக் குறிப்பிட்டது மட்டும் எனக்குச் சற்று வேடிக்கையாக இருந்தது. என் பதினாறிலும் 500-ஐத் தாண்டியவை சில உண்டு.

பதினாறு பாக்கெட்டுகளுக்கும் சேர்த்து எனக்கு வரவேண்டிய 72 கிராம் தூள் கடையின் ஒரு காலை நேரத்துக்கே போதாது. அதற்காக நான் எழுதவில்லை. உறையில் அச்சிட்டுள்ள அந்தத் தொகுதியின் நிரப்பு எடைப் பதிவேட்டு நகலை 15 நாட்களுக்குள் அனுப்பக் கோருகிறேன். தவறினால், என் எடைக் குறிப்புகளுடன் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வரிடம் முறையிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்