மரபணு இடைவெளி: எண்ணுவதில் கவனம் தேவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாக்டீரியாவின் மரபணுக்கள் மாலையில் கோத்த மணிகளைப் போலச் சம இடைவெளியில் அமைந்துள்ளன என்று தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். எல்லா மரபணுக்களும் அப்படித்தான் நிற்கின்றன என்று வாசகர் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவின் வட்ட வடிவக் குரோமோசோமில் சுமார் 46.4 லட்சம் கார இணைகளும் (டி.என்.ஏ. ஏணியின் படிகள்) 4,000-க்கு மேற்பட்ட மரபணுக்களும் உள்ளன. 2007-இல் வெளியான ஆய்வொன்று, பரிணாமத்தில் பிரியாமல் வந்த மரபணு இணைகளை மட்டும் தேர்ந்தெடுத்து, அவற்றில் ஏறக்குறைய 1,17,000 கார இணைகளுக்கு ஒருமுறை மீளும் சீரைக் கண்டது. எடுத்துக்காட்டாக, மூன்று மரபணுக்கள் 20,000, 1,37,000, 2,54,000 ஆகிய இடங்களில் இருந்தால், அந்த எண்களை 1,17,000 ஆல் வகுக்கும்போது மூன்றுக்கும் மீதி 20,000 தான். குரோமோசோமை ஒரு நாடாவாக எண்ணி, 1,17,000 கார இணைச் சுற்றளவுள்ள உருளையில் சுற்றினால் மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டில் விழும். (வட்டம் முழுவதையும் இப்படிச் சுற்றினால் 39 சுற்று போக முக்கால் லட்சத்துக்கும் மேல் எஞ்சும் என்பதால், சீர் எங்கோ ஓரிடத்தில் முறிந்தே ஆக வேண்டும்.)

சிக்கல் ஒப்பெரான்களில்தான், அதாவது ஒரே கட்டுப்பாட்டில் சேர்ந்து இயங்கும் அடுத்தடுத்த மரபணுக்களின் கொத்துகளில்தான், இருக்கிறது. லாக்டோசைச் செரிக்க உதவும் மூன்று மரபணுக்கள் சுமார் 5,000 கார இணைகளுக்குள் அடுத்தடுத்து நிற்கின்றன. அவற்றை மூன்று புள்ளிகளாக எண்ணினால், 5,000-ஐ விடப் பல மடங்கு பெரிய எந்த இடைவெளியை வைத்துச் சோதித்தாலும் மூன்றும் ஒரே பக்கம் குவியும். அது அண்டை வீட்டுக்காரர்களின் நெருக்கமே தவிர, சீர் அன்று. ஆகவே ஒப்பெரானை ஒரே புள்ளியாகக் கொள்ள வேண்டும். தற்செயலோடு ஒப்பிட்டுப் பார்க்க மரபணுக்களின் இடங்களைக் கலைத்துப் போடும்போதும் அந்தக் கொத்தைச் சிதைக்கக் கூடாது. மேலும், ஆயிரம் இடைவெளிகளை நூற்றுக்கு ஒன்று என்ற தற்செயல் வரம்பில் சோதித்தால், சீரே இல்லாத தரவிலும் ஏறத்தாழ பத்து இடைவெளிகள் தேறிவிடும்.

சுமார் 1.6 மில்லிமீட்டர் நீள டி.என்.ஏ. இரண்டு மைக்ரோமீட்டர் அளவே உள்ள செல்லுக்குள் மடியும்போது, சீரான இடைவெளி தொலைவிலுள்ள மரபணுக்களை அருகருகே கொண்டுவரலாம் என்பது கவர்ச்சியான கருத்து. ஆனால், இடங்களின் பட்டியல் மட்டுமே மடிப்புக்குச் சான்றாகாது. எந்த மரபணுத் தொகுதியில், எதனோடு ஒப்பிட்டு இந்தச் சீர் காணப்பட்டது என்ற விவரத்தைத் தாங்கள் தனிக் குறிப்பாக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்